தண்ணீர் குடிக்காமல் மதுரை பார்த்தவள்



வத்தல், வடகம், கைமருந்து எல்லாவற்றையும் இந்தத் தடவை ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் தெருப் பிள்ளைகளை மதுரைக்குக் கூட்டிப் போன கதையைச் சொல்லப் போகிறேன். கதை என்றா சொன்னேன்? நான் செய்த தப்பு என்று சொன்னாலும் பொருந்தும். எழுதலாமா, வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் செய்ததை இன்னும் எத்தனை வீட்டில் நல்லது என்று நினைத்துச் செய்துகொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது. ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் கங்கைகொண்டான், திருநெல்வேலிக்கு வடக்கே மதுரை ரோட்டில், சிற்றாற்றங்கரையில் இருக்கிறது. ஊர்ப் பெயரில் கங்கை இருக்கிறது. ஆற்றிலோ கோடை வந்தால் மணல்தான். ஒரு பக்கம் சிப்காட் கம்பெனிகள். இன்னொரு பக்கம் 2013-ல் அறிவித்த புள்ளிமான் சரணாலயம். மதுரைக்குப் போகிற பஸ்ஸும் லாரியும் ராப்பகலாக எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகின்றன. ஆனால் தெருவில் பாதிப் பிள்ளைகள் மதுரையைக் கண்ணால் கண்டதில்லை.

காலாண்டுப் பரீட்சை லீவில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்த வாண்டு ஒன்று கேட்டது: “அத்தெ, இந்த லாரியெல்லாம் மதுரைக்குத்தான போகுது? நாம மட்டும் ஏன் போவல?”

நல்ல கேள்விதானே! எதிர் வீட்டு அண்ணாச்சி, ரிட்டயர்டு வாத்தியார். காதில் விழுந்ததுதான் தாமதம், முழுத்தாள் ஒன்றை எடுத்து நிகழ்ச்சி நிரல் போட ஆரம்பித்துவிட்டார். மஹால், காந்தி மியூசியம், மீனாட்சியம்மன் கோயில், நவராத்திரி ஆகையால் கோயில் கொலு. மணி வாரியாக எல்லாம் எழுதியாயிற்று. பிள்ளைகள் பதினாலு பேர். பெண் ஒன்பது, பையன் ஐந்து. வயது ஏழிலிருந்து பதின்மூன்று வரை. பெரியவர்கள் அண்ணாச்சி, அவர் வீட்டு மதினி, பக்கத்து வீட்டு அக்கா, காலேஜ் படிக்கிற அவள் மகள், நான் என்று ஐந்து பேர்.

சாப்பாட்டுப் பொறுப்பு எனக்கு. இட்லியில் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டின வாழையிலையில் நாலு நாலாகக் கட்டினேன். மத்தியானத்துக்குப் புளியோதரை. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும் என்று விட்டுவிட்டேன். முறுக்கு, வாழைப்பழம். இரண்டு கேன் நிறையக் காய்ச்சி ஆறின தண்ணீர். இந்தத் தண்ணீர்க் கேனைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

விடியற்காலை எல்லாரும் திண்ணையில் கூடியாயிற்று. நான் வரிசையாகப் புத்தி சொன்னேன். கையை விடாதீர்கள், கண்டதை வாங்கித் தின்னாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் இதையும் சொன்னேன்:

“ஏ பிள்ளைகளா, எல்லாரும் வீட்டுலயே ஒண்ணுக்குப் போயிட்டு வந்திருங்க. வழியில மடக்கு மடக்குன்னு தண்ணியக் குடிச்சிட்டு, ‘அத்தெ, அவசரம்’னு வந்து நிக்கப்பிடாது. முக்கியமா பொம்பளப் பிள்ளைகளுக்குத்தான் சொல்லுதேன்.”

பையன்கள் சிரித்தார்கள். பெண் பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். மதினியும் அக்காவும் “ஆமா, ஆமா” என்றார்கள். அந்த நிமிஷத்தில் எங்கள் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

திருநெல்வேலிக்கு டவுன் பஸ். பெண்களுக்கு 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லையே. ஆகவே அண்ணாச்சிக்கும் பையன்களுக்கும்தான் டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. “நாங்க ராஜாத்திக, நீங்க காசு கொடுத்து வாங்கலே” என்று பெண் பிள்ளைகள் பண்ணின கேலிக்கு அளவில்லை. ஜங்ஷனில் முன்பதிவில்லாத டிக்கெட். ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்கு அரை டிக்கெட்தான் என்பதை, ரயிலில் அதிகம் போகாத சகோதரிகள் தெரிந்துகொள்ளுங்கள்.

ரயில் வடக்கே கிளம்பித் தாழையூத்து தாண்டியதும் எங்கள் ஊரே ஜன்னலில் வந்தது! பஸ்ஸில் தெற்கே போய், ரயிலில் திரும்ப ஊர் வழியாகவே போகிறோம் என்பது பிள்ளைகளுக்கு ஒரே அதிசயம். “நம்ம ஊரு, நம்ம ஊரு!” என்று தினமும் பார்க்கிற ஸ்டேஷனுக்கு, புது ஊரைப் பார்க்கிற மாதிரி கையாட்டினார்கள்.

வாஞ்சி மணியாச்சியில் அண்ணாச்சி பாடம் எடுத்தார். 1911 ஜூன் 17-ந் தேதி, திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இந்த ஸ்டேஷனில்தான் என்றதும், பிள்ளைகள் பிளாட்பாரத்தையே வெறித்துப் பார்த்தார்கள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த மிட்டாய் என்று அண்ணாச்சி சொல்லி முடிப்பதற்குள் பொட்டலம் காலி.

கடலைமிட்டாய் தின்றால் தாகம் எடுக்காதா? எடுக்கும். பையன்கள் கேனைச் சாய்த்துச் சாய்த்துக் குடித்தார்கள். பெண் பிள்ளைகள் வாயை மட்டும் நனைத்துக்கொண்டார்கள். என் கண்ணில் பட்டது. ‘சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள்’ என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மதுரையில் முதலில் திருமலை நாயக்கர் மஹால். 1636-ல் கட்டினது. இப்போது நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் ஒரு பகுதிதான், பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருப்பதற்கே பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துப் போனார்கள். ஒரு தூணைச் சுற்றி வளைக்கப் பிள்ளைகள் கைகோர்த்து நின்றதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. “இதுக்குத் தெனமும் யாரு பெருக்குவா?” என்று ஒருத்தி கேட்டாள். நம் வீட்டுப் பெண் அல்லவா!

அங்கிருந்து வைகையைத் தாண்டித் தமுக்கம் பக்கம். ஆற்றைப் பார்த்ததும், “அத்தெ, இதுலயும் நம்ம சித்தாறு மாதிரி மணலாத்தான் கெடக்கு” என்றான் ஒருத்தன். பெரிய ஊர் ஆறு என்றால் எப்போதும் கரைபுரளும் என்று எண்ணியிருந்தான் போலும்.

காந்தி மியூசியம் இருப்பது ராணி மங்கம்மாளின் அரண்மனையில். 1959 ஏப்ரல் 15-ந் தேதி நேருஜி திறந்து வைத்தார். காந்திஜி சட்டையையும் குல்லாயையும் விட்டு அரைவேட்டிக்கு மாறியதும் இதே மதுரையில்தான். 1921 செப்டம்பர் 22-ந் தேதி, மேலமாசி வீதியில் ஒரு வீட்டில். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த துணி, ரத்தக்கறையோடு அங்கே இருக்கிறது. அதுவரை கசமுசாவென்று பேசிக்கொண்டிருந்த பதினாலு வாயும் அந்த இடத்தில் அடங்கிப் போயிற்று. ஏழு வயசுப் பொடியன் மட்டும் என் காதோடு கேட்டான்: “இதத் துவைக்கலியா அத்தெ?” “துவைச்சா நாம மறந்துருவோம்லா ராசா, அதான் அப்படியே வச்சிருக்காவ” என்றேன். அவனுக்குப் புரிந்ததோ என்னவோ, வெளியே வரும்வரை என் விரலை விடவில்லை.

மத்தியானம் ஒரு மரத்தடியில் புளியோதரை. அப்போது ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தி பாதியில் இலையை மூடிவிட்டாள். “ஏட்டி, என்ன?” என்றேன். “பசிக்கல அத்தெ. தலைய வலிக்கி.” வெயில் என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன். தண்ணீர் குடித்தாயா என்று நான் கேட்கவில்லை.

நாலு மணிக்குக் கோயில் நடை திறந்தது. செருப்பு ஒரு இடம், செல்போன் ஒரு இடம் என்று ஒப்படைத்தோம். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பக்தர்கள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்று ஆகிவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிள்ளைக் கூட்டத்தோடு போகிறவர்கள் ஒன்றை யோசித்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஒருத்தர் பிரிந்தால் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. அதற்காக அண்ணாச்சி, “யாராவது தவறிப் போனா முக்குறுணிப் பிள்ளையார்கிட்ட வந்து நில்லுங்க” என்று எல்லாரிடமும் இரண்டு தடவை சொன்னார். மூன்று குறுணி அரிசியில் ஒரே கொழுக்கட்டை படைக்கிற பிள்ளையார் என்றதும், அந்தப் பெயர் பிள்ளைகளுக்கு நன்றாகவே பதிந்துவிட்டது.

நவராத்திரிக் கூட்டம் சொல்லி முடியாது. இரண்டிரண்டு பேராய்ச் சேர்த்து ஜோடி போட்டிருந்தோம். பொற்றாமரைக் குளத்தைச் சுற்றி, அம்மன் சந்நிதி பார்த்து, கொலுவையும் பார்த்துவிட்டு, முக்குறுணிப் பிள்ளையார் முன்னால் நின்று எண்ணினேன். பதின்மூன்று.

மறுபடி எண்ணினேன். பதின்மூன்று. மதினி எண்ணினாள். பதின்மூன்றேதான்.

மத்தியானம் இலையை மூடிய அந்தப் பெண்ணைக் காணவில்லை. அவள் ஜோடி அந்த ஏழு வயசுப் பொடியன். அவன் கொலுப் பொம்மையைப் பார்க்கும் ஆசையில் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடி, என் மதினி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். “அக்கா ஒக்காந்துட்டா” என்றான். “எங்ஙனலே?” என்றால் சொல்லத் தெரியவில்லை.

சகோதரிகளே, அடுத்த கால்மணி நேரத்தை நான் எழுத முயலவில்லை. பிள்ளையைப் பெற்றவர்களுக்குத் தெரியும். இன்னொருத்தி பெற்ற பிள்ளையைக் கூட்டிவந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். காவலரிடம் சொன்னோம். அக்காவை மற்றப் பிள்ளைகளோடு பிள்ளையார் முன்னால் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் வந்த வழியே திரும்பினோம்.

குளத்தைச் சுற்றின மண்டபத்தில், ஒரு தூணோரம் சாய்ந்து கிடந்தாள். உதடு வெளுத்து வெடித்திருந்தது. பக்கத்தில் யாரோ ஒரு பெரியம்மை முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். கால் நீட்டிப் படுக்க வைத்து, காலடியில் தன் பையை அண்டை கொடுத்து வைத்திருந்தார். மயக்கம் போட்டு விழவில்லை. கண் இருட்டிக்கொண்டு வரவே உட்கார்ந்துவிட்டாளாம். அந்தப் புண்ணியவதி தன் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறார். “பிள்ள காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படலைங்கிது. நீங்க எல்லாம் கூட வந்தவுகளா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் என்ன சொல்ல?

அவளை மடியில் போட்டுக்கொண்டு, “ஏட்டி, தண்ணி கேன் நிறைய இருந்துச்சே, ஏம்ட்டி குடிக்கல?” என்றேன்.

“நீங்கதான அத்தெ குடிக்கப்பிடாதுன்னு சொன்னிய.”

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

வெளியே வந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கிக் கரைத்துக் கொடுத்ததும் சற்றுத் தெளிந்தாள். ராத்திரி ரயிலில் மற்றப் பெண் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். ஒன்பது பேரில் ஆறு பேர், வீட்டிலிருந்து கிளம்பினதிலிருந்து ஒரு தடவைகூட ஒன்றுக்குப் போகவில்லை! போக இடம் இல்லாமல் இல்லை, கேட்க வெட்கம். “பள்ளிக்கூடத்துலயும் நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் அத்தெ போவேன்” என்றாள் ஒருத்தி, ஏதோ சாமர்த்தியத்தைச் சொல்கிற மாதிரி. வீடு வந்து கேன்களைக் கவிழ்த்தால், ஒன்று காலி. மற்றது முக்கால்வாசி அப்படியே இருந்தது. காலியானதில் பெரும்பங்கு ஐந்து பையன்கள் குடித்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்குக் குளிர்க் காய்ச்சல். ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி. அவள் அம்மா பார்லித் தண்ணீர், இளநீர் எல்லாம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். நானும் கூடப் போய் டாக்டரம்மாவிடம் காட்டினோம். சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, சிறுநீர்த் தொற்று என்றார். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு எங்களை உட்கார வைத்துச் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

பெண் குழந்தைக்குச் சிறுநீர்க் குழாய் ஆண் குழந்தையைவிடக் குட்டையானது. ஆகவே வெளியிலிருக்கும் கிருமி சுலபமாக உள்ளே ஏறிவிடுகிறது. அடிக்கடி சிறுநீர் போனால், ஏறின கிருமி அதோடு அடித்துக்கொண்டு வந்துவிடும். தண்ணீரும் குடிக்காமல், வருவதையும் அடக்கிக்கொண்டிருந்தால், பையில் தேங்கின சிறுநீரில் கிருமி பெருகும். ஒரு நாள் அடக்கினால் எல்லாருக்கும் வந்துவிடும் என்பதில்லை. தினம் பள்ளிக்கூடத்தில் அடக்கிப் பழகின உடம்புக்கு இந்த ஒரு நாள் வெயிலும் சேர்ந்துகொண்டது. கவனிக்காமல் விட்டால் தொற்று மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிடும். எரிச்சலோடு காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி, வாந்தி என்று வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. பார்லித் தண்ணீர் நல்லதுதான். நீர் சேருமே தவிர, கிருமியைக் கொல்லாது. டாக்டர் கொடுக்கிற மருந்தையும் எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடாமல், சொன்ன நாள் வரை முழுக்கக் கொடுக்க வேண்டும்.

“இந்த வயசுப் பிள்ளை ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு டம்ளர் தண்ணி குடிக்கணும்மா. வெயில்ல அலைஞ்சா இன்னும் கூட. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒண்ணுக்குப் போகணும். இதெல்லாம் நீங்கதானே பழக்கணும்?” என்றார்.

நீங்கதானே பழக்கணும்! வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு யார் பழக்கினது? என் அம்மா திருச்செந்தூருக்கோ குற்றாலத்துக்கோ பஸ்ஸில் போவதென்றால், முந்தின ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுவாள். நாக்கு வறண்டு, தலையைப் பிடித்துக்கொண்டு வருவாள். ‘பொம்பளைன்னா அடக்கிக்கிடணும்’ என்பாள். அவளுக்கு ஆச்சி சொன்னது அது. அந்தக் காலத்தில் வழியில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாமல் அவர்கள் செய்ததை, நான் நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த தலைமுறைக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதுவும் நம் வயிற்றில் பிறக்காத ஒன்பது பெண் பிள்ளைகளுக்கு!

பள்ளிக்கூடங்களிலேயே இப்போது இதைக் கவனிக்கிறார்கள். 2019-ல் கேரளத்துப் பள்ளிகளில், பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்கென்றே ‘வாட்டர் பெல்’ அடிக்க ஆரம்பித்தார்கள். 2025-ல் நம் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. மணியடித்தால் மட்டும் போதுமா? ‘குடிக்காதே’ என்று காலையில் வீட்டில் சொல்லி அனுப்பினால், பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்?

இனி, பிள்ளைகளோடு வெளியூர் கிளம்புகிற சகோதரிகளுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கத்தரித்து வைத்துக்கொண்டாலும் சரி.

பார்க்க வேண்டிய இடங்களைக் குறிக்கிற அதே தாளில், ஒதுங்க வேண்டிய இடங்களையும் குறியுங்கள். ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, சாப்பிடுகிற ஓட்டல் என்று இரண்டு இரண்டரை மணிக்கு ஒரு இடம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணக் கழிப்பறைக்குச் சில்லறை தனியாக முடிந்து வையுங்கள்.

“யாருக்கு வருது?” என்று கூட்டத்தில் கேட்காதீர்கள், எந்தப் பெண்ணும் வாய் திறக்க மாட்டாள். “வாங்க, எல்லாரும் போயிட்டு வந்துருவோம்” என்று நீங்கள் முன்னால் நடங்கள். ஒருத்தர் வாசலில் காவல் நில்லுங்கள். நாம் போனால் அவர்களும் வருவார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி பாட்டில் கொடுங்கள். பொதுக் கேனிலிருந்து குடித்தால், யார் குடித்தார்கள், யார் குடிக்கவில்லை என்று தெரியாது. தனி பாட்டில் என்றால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

சிறுநீர் வெளிறின வைக்கோல் நிறத்தில் இருந்தால் குடிக்கிற தண்ணீர் போதும். அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை. இதைப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று பொட்டலத்திலேயே இருக்கும். அதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் தலைதட்டின டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. கண் இருட்டுகிறது என்கிற பிள்ளையை நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். நினைவு தப்பிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவப் பழக்குங்கள். மாற்று உள்ளாடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயது தாண்டின பெண் கூட இருந்தால், நாப்கினும் பழைய செய்தித்தாளும் பையில் இருக்கட்டும். முதல் தடவை எந்த ஊரில் வரும் என்று யார் கண்டது?

பிள்ளையின் சட்டைப் பையில் பெரியவர்கள் இரண்டு பேருடைய போன் நம்பரை எழுதி வையுங்கள். ஜோடி போடும்போது சின்னதையும் பெரியதையும் சேர்த்தால் மட்டும் போதாது. நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, அவரவர் நாலு பேரை அவரவரே எண்ண வேண்டும். நான் பதினாலையும் ஒருத்தியாக எண்ணினதால்தான் அவ்வளவு தூரம் போனபிறகு தெரிந்தது. தவறின பிள்ளை அலையாமல், பெரியவர்களோ காவலரோ வரும்வரை நின்ற இடத்திலேயே நிற்கட்டும். பிள்ளைகள் உதவிக்கு 1098, ரயிலில் 139. இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும்.

நிகழ்ச்சி நிரலில் ஒரு இடத்தைக் குறைத்துவிடுங்கள். மூன்று இடத்தை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, இரண்டு இடத்தை உட்கார்ந்து, குடித்து, கேள்வி கேட்டுப் பார்த்தால் மனசில் நிற்கும்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது நன்றாகிவிட்டது. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பெரியவள், சின்னவளிடம் மன்னிப்புக் கேட்பதா என்று மதினிக்குக் கொஞ்சம் வருத்தம். கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கிற்று.

அரைப் பரீட்சை லீவில் மறுபடி கிளம்பினோம். தூரமாக இல்லை, திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்குத்தான். 1987-ல் திறந்தது, தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிற இடம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பக்கத்திலேயே சுலோசன முதலியார் 1843-ல் தன் கைக்காசில் கட்டிக் கொடுத்த ஆற்றுப் பாலம். கீழே தாமிரபரணி நிறையத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. பாலத்தோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து ஒரு அதட்டல்:

“எல்லாரும் பாட்டிலத் தொறங்க! ஏலே, நீ குடிச்சியா? யக்கா, நீ? அத்தெ, ஒங்க பாட்டிலு இன்னும் அப்படியே இருக்கு!”

அவள்தான். அன்றைக்குத் தண்ணீர் மணி அடிக்கிற பொறுப்பை அவளிடமே கொடுத்திருந்தோம். அம்பது வயசில் முதல் தடவையாக, வெளியூர்ப் பயணத்தில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன் சகோதரிகளே. அப்புறம் ஒன்பது பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, “வாங்க, எல்லாரும் போயிட்டு வந்துருவோம்” என்று முன்னால் நடந்தேன்.

உங்கள் வீட்டில் எப்படி? பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பாட்டிலை இன்றைக்குச் சாயங்காலம் திறந்து பாருங்கள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.